கடற்கரையில் கம்பத்துக் கவாத்து

மச்சான்,

அக்கா உங்கள் மரத்து இலைகளைக் கொண்டுவந்திருக்கிறாள். ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு, சேலை மடிப்புக்கு நடுவே வைத்து, அயர்லாந்திலிருந்து கொச்சி வந்து, குமுளி மலை இறங்கி, சுருளிப்பட்டிவரை ஒரு இலைகூட நொறுங்காமல். கவரைத் திறந்ததும் ஈர மண்ணும் புளித்த பழமும் கலந்த ஒரு மணம் வந்தது. மட்கத் தொடங்கிய இலையின் மணம், அவ்வளவுதான். ஆனால் அந்த மணம் இந்த ஊரில் கிடையாது. இங்கே இலை காய்ந்து சருகாகும். இப்படி நனைந்து மட்காது.

"நோய் இலைய நாடு விட்டு நாடு கொண்டாரக் கூடாதுக்கா. சட்டப்படி தப்பு" என்றேன். ஒரு வருசம் கழித்துப் பார்த்த அக்காவிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது.

"ஆமா, தொவையல் அரைக்கக் கொண்டாந்தேன். பேசாம பாருடா" என்றாள்.

லென்ஸை எடுத்துப் பார்த்தேன். இலையின் ஊதா எல்லாம் வெளிறி, பழைய செம்புப் பாத்திரத்தின் அடிப்பக்கம் மாதிரி ஆகியிருந்தது. அதன்மேல் கறுத்த பச்சையில் வெல்வெட்டுத் துணி ஒட்டியது போலத் திட்டுத் திட்டாக. சொறி நோய். ஆப்பிள் குடும்பத்து மரங்களுக்கு ஈரமான ஊரில் வருவது. படித்தவன் எவனும் ஒரு பார்வையில் சொல்லிவிடுவான். அதனால் மரம் சாகாது என்பதையும் சேர்த்துச் சொல்லுவான்.

ஆனால் அக்கா கேட்டது நோயின் பெயரை அல்ல. உங்கள் முதல் வருசத் திதிக்கு வந்தவள், பெட்டியைக்கூடப் பிரிக்காமல், கட்டிலில் உட்கார்ந்து சொன்னாள்: "ஆடிக்கு முன்னாடியே முக்காவாசி இலை கொட்டிப்போச்சு. மரம் செத்துரும்னா சொல்லு. வீட்டக் குடுத்துட்டு, வேலைய விட்டுட்டு இங்கனயே வந்துர்றேன். அவுக வச்சது உசுரோட நிக்கையில எப்பிடிடா விட்டுட்டு வர்றது? பொழைக்கும்னா சொல்லு, நான் போறேன். உன்னத்தான் நம்புறேன், நீ பொய் சொல்ல மாட்ட."

"இன்னும் சரியாப் பாக்கணும்" என்றேன். அப்போதே பதில் தெரியும் எனக்கு. இருந்தும் அப்படித்தான் சொன்னேன்.

நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள். என்னிடம் ஒரு இலையை நீட்டிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்ததே கிடையாது நீங்கள். கேட்பதற்கு முன்பே நான் சொல்லி முடித்துவிடுவேன் என்பீர்கள்.

அக்கா நர்ஸ் வேலைக்குப் போன பின்னால் நீங்களும் கிளம்பினீர்கள். இந்தச் சுருளிப்பட்டி வீட்டையும் பந்தல் திராட்சையையும் என்னிடம் விட்டுவிட்டு, "பெரியகுளத்துல தோட்டக்கலை படிச்சேல்ல மாப்ள, படிச்சது பந்தல்ல ஏறுதான்னு பாப்பம்" என்றீர்கள். அங்கே ஊர்த் தோட்டங்களில் புல் வெட்டி, செடி வேலி நறுக்குகிற ஆட்களோடு உங்களுக்கு வேலை கிடைத்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேனுக்குள் உட்கார்ந்து என்னைக் கூப்பிடுவீர்கள். இங்கே பொழுது சாய்ந்துகொண்டிருக்கும். நான் மருந்தடித்துவிட்டுத் தொட்டியடியில் கை கழுவிக்கொண்டிருப்பேன்.

"தயிர்சோறு திங்குறேன் மாப்ள. வெளிய மழை. நேத்தும் மழை. நாளைக்கும் மழையாம். எவனும் கொடை பிடிக்க மாட்டேங்குறான்."

"ஏன்?"

"காத்து பிடுங்கிட்டுப் போயிரும்ல."

தினமும் ஒரு செடியின் படம் வரும். இது என்ன, அது என்ன. பாதிக்கு எனக்கும் தெரியாது. தேடிப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே தெரிந்தவன் மாதிரிப் பதில் அனுப்புவேன். அப்படி ஒருநாள் வந்ததுதான் அந்த மரத்தின் படம். யாரோ வீட்டு முற்றத்தில், பச்சைப் புல் நடுவே, அடி முதல் நுனிவரை ஊதா இலை. கிராப் ஆப்பிள். ஆப்பிளின் தாயாதி. பழம் சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிது. அப்படியே தின்ன முடியாது. அழகுக்காக வளர்ப்பது.

"வாசல்ல வைக்கப் போறேன்" என்றீர்கள்.

பண்ணைப்புரம் போயிருந்தபோது அப்பாவிடம் சொன்னேன். "பழம் திங்க முடியாதாமா? நெழலுக்கா?" என்றார். அங்கே நிழல் யாருக்கு வேண்டும் என்றேன். "அப்ப எதுக்கு?" பார்ப்பதற்கு. "பாக்குறதுக்கா" என்று ஒருமுறை சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

எனக்கும் அது கிறுக்குத்தனமாகத்தான் பட்டது. ஏன் ஊதா என்று கேட்டதற்கு நீங்கள் சொன்னது மட்டும் மனதில் நின்றுவிட்டது. "இங்கன எல்லாமே பச்சை மாப்ள. செவுத்துல பச்சை, கல்லுல பச்சை, ஓட்டு மேல பச்சை. வெள்ளாமைக்காரனுக்கே கண்ணு அலுத்துப்போச்சு. நம்ம பன்னீர்த் திராட்சை பழுத்து மேல சாம்பல் பூத்து நிக்குமே, அந்த நெறத்துல ஒண்ணு கண்ணு முன்னாடி நிக்கட்டும்."

சரி, வைப்பதென்றால் முறையாக வைக்க வேண்டும். நான் இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். கடலோரக் குளிர் ஊருக்கு இந்த ஊதா மரங்களில் எதை வேண்டுமானாலும் வாங்கி நடக்கூடாது. இலையின் ஊதா வெயிலில்தான் ஏறும். மேகம் மூடியே கிடந்தால் வெயில் மாசம் முடிவதற்குள் அது சேற்றுப் பச்சையாகிவிடும். இலை நாள் முழுக்க நனைந்தே இருந்தால் சொறி நோய் வரும். நம் பந்தலில் ஐப்பசி மழைக்கு அடிச்சாம்பல் நோய் வருவது போலத்தான் கணக்கு: எவ்வளவு குளிர், எவ்வளவு நேரம் ஈரம். பழைய ரகங்கள் நிறத்தில் கெட்டி, நோய்க்குப் பலவீனம். புதிய ரகங்களில் நோயைத் தாங்குகிறவை உண்டு. ஆனால் அவற்றில் சிலவற்றின் இலை அவ்வளவு கறுக்காது. பச்சையில் செம்பு பூசியது போல இருக்கும்.

"தெக்குப் பக்கம் வெயில் விழுகுற எடமா?" என்று கேட்டேன்.

"வெயிலா? அது எப்ப வருதுன்னு தெரிஞ்சாத்தான மாப்ள எங்கன விழுதுன்னு பாக்க."

நோய் தாங்கும் ரகங்களாகப் பார்த்து மூன்றின் பெயரை அனுப்பினேன். நீங்கள் படங்களைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் சாயம் போன சேலையாட்டம் இருக்கு" என்றீர்கள். இருப்பதிலேயே கறுத்த ஊதா எதுவோ, நான் வேண்டவே வேண்டாம் என்று சொன்னது எதுவோ, அதை வாங்கினீர்கள். சொறி பிடிக்கும் என்று சொன்னேன். "பிடிக்கிறப்ப பிடிக்கட்டும். பிடிக்கிற வரைக்கும் பாப்பம்ல" என்றீர்கள். எனக்குக் கோபம். எதற்குக் கேட்டீர்கள் என்று போனை வைத்துவிட்டேன். மறுநாள் அதே நேரத்துக்கு, ஒன்றுமே நடக்காதது போல, மறுபடியும் அழைப்பு.

"ஏமாத்திட்டாய்ங்க மாப்ள. வெறகுக் குச்சியக் குடுத்துருக்காய்ங்க. மண்ணும் இல்ல, எலையும் இல்ல. வேரு அம்மணமா இருக்கு."

குளிர்காலத்தில் அங்கே அப்படித்தான் விற்பார்கள், மரம் தூங்கும்போது மண் இல்லாமல் பிடுங்கி நடலாம் என்று விளக்க எனக்கு ஒரு சாயங்காலம் பிடித்தது. மரம் தூங்கும் என்பதையே நீங்கள் நம்பவில்லை. சுருளிப்பட்டிக்காரன் எப்படி நம்புவான்? நம் திராட்சை தூங்கியதே கிடையாது. பழம் அறுத்தால் கொடியை நறுக்கிக் கவாத்து, கவாத்து அடித்தால் தளிர், தளிர் வந்தால் பழம். வருசம் முழுக்கக் கம்பம் பள்ளத்தாக்கில் எங்கேயாவது ஒரு பந்தலில் பழம் தொங்கிக்கொண்டே இருக்கும். கத்திரியோடு போய்க் கொடியை எழுப்பிவிட்டுத்தான் நமக்குப் பழக்கம்.

இதை நான் முன்கூட்டியே யோசித்திருந்தால் நட்ட கையோடு வந்த மாசி மாதத்துக் காட்சியைப் பார்த்திருக்க மாட்டேன்.

வீடியோவில் கூப்பிட்டீர்கள். முகமெல்லாம் பல். போனைத் திருப்பினீர்கள். சாம்பல் நிற வானம், தூரத்தில் ஒரு கோடாகக் கடல், நடுவில் ஒரு முண்டம். கிளை எல்லாவற்றையும் துளிர் விடும் கண் இரண்டு மூன்று மட்டும் விட்டு ஒட்ட நறுக்கியிருந்தீர்கள். அச்சு அசல் கம்பத்துக் கவாத்து. வெட்டின வாயில் காப்பர் மருந்துகூடத் தடவியிருந்தது.

"மச்சான், என்ன செஞ்சிருக்கீங்க."

"கவாத்து. எப்பிடி? கை மறக்கலல்ல?"

"அது திராட்சை இல்ல. பூவெல்லாம் போன வருசக் குச்சிலதான் இருக்கும். மொத்தத்தையும் வெட்டிட்டீங்க."

"தூங்குற கண்ண எழுப்ப வேணாமா?"

"அதக் குளிர் எழுப்பும். நீங்க எதுக்கு எழுப்புறீங்க?"

பின்னால் அக்காவின் குரல் கேட்டது. "நான் அப்பவே சொன்னேன்டா, தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேளுங்கன்னு. கேட்டாகளா? பக்கத்து வீட்டுப் பாட்டி சன்னல்ல நின்னு பாத்துட்டு, நெஞ்சுல கைய வச்சுட்டு உள்ள போயிருச்சு."

நீங்கள் சிரித்த சிரிப்பில் போன் ஆடியது.

அந்த வசந்தத்தில் ஒரு பூ இல்லை. ஊரில் உள்ள கிராப் ஆப்பிள் எல்லாம் பூத்துத் தள்ள, உங்கள் வாசலில் மட்டும் வெறும் இலை. நான் சொன்னதுதான் நடந்தது. ஆனால் நான் சொல்லாதது ஒன்றும் நடந்தது. ஒட்ட வெட்டிய கட்டையிலிருந்து நீளம் நீளமாகப் புதுத் தண்டு கிளம்பி, ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அகலத்துக்குத் தளிர் இலை. அத்தனையும் கத்தரிக்காய் நிறம். இளந்தளிரில்தான் ஊதா கெட்டியாக நிற்கும், அதனால் வெட்ட வெட்ட நிறம் வரும். இலைக்காக வளர்க்கிற செடிகளை அப்படி வெட்டுகிறவர்களும் உண்டு. எனக்கு அது தெரியும். உங்களிடம் சொல்லவில்லை, சொன்னால் உங்கள் பெருமையைத் தாங்க முடியாது. நீங்களும் தெரிந்து செய்யவில்லை. இலை பார்க்க ஆசைப்பட்டீர்கள், கை பழகியதைச் செய்தீர்கள், இரண்டும் தற்செயலாகப் பொருந்திப்போனது. ஆனி பிறந்ததும் சொறியும் வந்தது. அதில் நான் சரி.

அந்த மரம்தான் நம் பேச்சாக இருந்தது, மச்சான். இப்போது யோசித்தால் அது தெரிகிறது. பந்தலில் பழம் வெடித்தது, மோட்டார் புகைந்தது, அங்கே கூட வேலை செய்கிறவன் உங்கள் பெயரைச் சொல்லத் தெரியாமல் வேறொரு பெயர் வைத்துக் கூப்பிடுவது, எல்லாம் மரத்தைப் பற்றிப் பேசும்போது இடையில் வந்து போகிற சங்கதிகள். அங்கே உங்களோடு பேச ஆள் இல்லை என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. இங்கே எனக்கு இல்லை என்று நானும் சொன்னதில்லை.

கடைசியாகப் பேசியதும் இலையைப் பற்றித்தான். உதிர்ந்ததையெல்லாம் வாரி மரத்தின் தூரிலேயே குவித்திருந்தீர்கள். பந்தலுக்குத் தழை போடுகிற பழக்கம். சொறிப் பூசணம் அந்த இலைக்குள்தான் குளிர்காலத்தைக் கழிக்கும், கூட்டி அள்ளி அப்புறப்படுத்துங்கள் என்று கத்தினேன். "உரத்தப் போயி எவனாச்சும் தூக்கிப் போடுவானா? சரி சரி, கத்தாத, ஞாயித்துக்கெழமை அள்ளுறேன்" என்றீர்கள். வெள்ளிக்கிழமை வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சு வலி. வேலியை நறுக்கிக்கொண்டிருந்த நீங்கள் உட்கார்ந்ததுதான், எழவில்லை. அக்கா கூப்பிட்டபோது உங்கள் போனிலிருந்து கூப்பிட்டாள். அது நீங்கள் வழக்கமாகக் கூப்பிடுகிற நேரம். நான் எடுத்ததும், ஞாயிறுவரை பொறுக்காமல், "அள்ளியாச்சா?" என்றேன்.

அந்த இலைகளை யாரும் அள்ளவில்லை. அக்காவுக்குக் கை வரவில்லை. "அவுக குமிச்சு வச்சது, எப்பிடிடா கூட்டிப் போட" என்றாள். அதனால்தான் இந்த வருசம் இவ்வளவு நோய். கணக்கு நேராக இருக்கிறது.

அப்பா பண்ணைப்புரத்திலிருந்து திதிக்கு முந்தின நாள் வந்தார். அக்கா உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருக்க, என்னைப் பந்தலுக்கு வரச் சொன்னார். அவர் கல்தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏலே, அந்த மரம் என்னாகும்?"

"ஒண்ணும் ஆகாது. இலை கொட்டும். திரும்ப வரும்."

"செத்துரும்னு சொல்லிப்புடு."

நான் தொங்கிய ஒரு கொடியை எடுத்துக் கம்பியில் சுற்றினேன்.

"ஒத்த வார்த்தைடா. மருத்துவத்துல இல்லாத பொய்யா. பொட்டப்புள்ள அங்கன ஒத்தையில கெடந்து என்ன செய்யப் போறா? வேலைக்குப் போவா, வருவா, அந்த மரத்தப் பாப்பா. அது வாழ்க்கையா? இங்கன வந்தா நான் இருக்கேன், நீ இருக்க. எனக்கும் ஆச்சு எத்தனையோ வயசு. உங்க மச்சான் இருந்தாலும் இதத்தான் சொல்லுவாக."

உங்களை இழுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. அதற்கு மேலே ஒன்று, அவருக்குத் தெரியாதது: அக்கா வர வேண்டும் என்று அவரைவிட எனக்குத்தான் அதிகம். இந்த வீட்டில் நான் ஒருவன்தான் இருக்கிறேன். சாயங்காலம் மருந்தடித்துவிட்டு வந்து கை கழுவினால், கழுவி முடித்த பின்பும் குழாயை மூடாமல் கொஞ்ச நேரம் நிற்கிறேன். வீட்டில் வேறு சத்தம் இல்லை. அக்கா வந்த நாள் முதல் சமையல்கட்டில் ஏதோ ஒன்று விழுந்துகொண்டே இருக்கிறது, அவள் யாரையாவது திட்டிக்கொண்டே இருக்கிறாள். ஒரு பொய் சொன்னால் அந்தச் சத்தம் நிரந்தரம். இலையைக் காட்டி, தண்டுவரை ஏறிவிட்டது, வேர் போய்விட்டது என்று நான்கு வார்த்தை சேர்த்துச் சொன்னால் போதும். நம்புவாள்.

மறுநாள் சுருளி அருவியில் திதி முடிந்தது. போன வருசம் உங்களைக் கரைத்த அதே இடம். மழைக்காலம் என்பதால் தண்ணீர் கலங்கி இறங்கியது. அக்கா ஈரச் சேலையோடு பாறையில் உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். அப்பா கொஞ்சம் தள்ளி, ஐயருக்குத் தட்சணை கொடுத்துவிட்டு, எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாத்துட்டியா?" என்றாள்.

"பாத்துட்டேன்."

"சொல்லு."

அப்பாவைப் பார்த்தேன். அவர் வேட்டியைப் பிழிகிறவர் மாதிரிக் குனிந்துகொண்டார்.

"சாகாது" என்றேன்.

துண்டு அவள் கையில் நின்றது. "நெசமாவா?"

"இலதான் அசிங்கமா இருக்கும். மரத்துக்கு ஒண்ணும் ஆகாது. ரொம்ப வருசம் நிக்கும்."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மூச்சை விட்டாள். "எனக்குத் தெரியும்டா" என்று மட்டும் சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்தேன். மரம் செத்துவிடும் என்று சொல்லியிருந்தால் அவள் இங்கே வந்திருப்பாள். ஆனால் இப்போது பார்த்த இந்த முகம் வந்திருக்காது.

பிறகு வழக்கம் போல நான் பேச ஆரம்பித்துவிட்டேன். போனதும் தூரில் கிடக்கிற இலை முழுவதையும் அள்ளு, ஒன்று விடாமல். குவித்து வைக்காதே, ஊர்க் குப்பை வண்டியில் போட்டுவிடு. மரத்தைக் கட்டியிருக்கிற கயிறு இறுக்கமாக இருக்கும், தளர்த்து. அடிமரம் காற்றில் ஆட வேண்டும், ஆடினால்தான் கெட்டிப்படும். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில், "கவாத்து?" என்றாள்.

"உனக்குப் பூ வேணுமா, இல வேணுமா?"

அவள் துண்டைப் பிழிந்து தோளில் போட்டாள். "ஒரு வருசம் பூப் பாப்பம்டா. இந்த மாசிக்கும் அவுக வெட்டுனாப்லயே நான் வெட்டிட்டேன். அவுக பாக்கல. எனக்கும் எப்பிடியிருக்கும்னு தெரியாது."

"அப்பத் தொடாத."

அப்பா என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. இருவருமாக அக்காவைக் கொச்சிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பும்போது, மலையடி லோயர் கேம்ப்பில் டீ குடிக்க நிறுத்தினேன். கிளாஸை நீட்டினால் வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். அவரைப் பண்ணைப்புரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். வீடு எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் நினைப்பது தெரிகிறது: படித்த திமிர், ஒரு பொய் சொல்லத் தெரியாதவன். இருக்கலாம். ஆனால் அக்கா என்னிடம் கேட்டது என்னை நம்பி. அதையும் கெடுத்துவிட்டு அவளை இங்கே கொண்டுவந்து வைத்துக்கொண்டால், தினமும் அவள் முகத்தில் நான் அந்த மரத்தைத்தான் பார்த்திருப்பேன்.

காலையில் பந்தலுக்குப் போவதற்கு முன் போனில் வானிலை பார்ப்பேன், எந்த விவசாயியும் செய்வதுதான். கம்பத்துக்கு மழை உண்டா, மருந்தடிக்கலாமா. பார்த்து முடித்ததும் விரல் தானாக அடுத்த பக்கத்துக்குப் போகும். அங்கே உங்கள் ஊர். நான் ஒருமுறைகூடப் போகாத ஊர். மழை எப்போது தொடங்கியது, எப்போது விட்டது, காற்று கடலிலிருந்தா கரையிலிருந்தா, இலை எவ்வளவு நேரம் நனைந்திருக்கும், வெயில் ஏதாவது வருமா. கணக்குப் போடுகிறேன். குளிர்காலம் தொடங்கிவிட்டது, மரத்தில் இப்போது ஒரு இலைகூட இருக்காது, நனைவதற்கு அங்கே ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும். இன்றைக்கும் பார்த்தேன். மழைதான்.